ஆளுநரும் டெல்லியும் நிறுத்தலாம் என்றால் 234 பேர் எதற்கு?

கேள்வி இதுதான்: சட்டசபையில் ஒரு மசோதாவை நிறைவேற்றினால் ஆளுநர் கிடப்பில் போடுகிறார், அவர் விட்டாலும் டெல்லி விடுவதில்லை, அப்புறம் எதற்கு 234 பேரைத் தேர்ந்தெடுத்து கோட்டைக்கு அனுப்புகிறோம்? கூடவே, கர்நாடகத்திலும் ஆந்திராவிலும் இருக்கிற மேலவை (பேரவையோடு இருக்கும் இரண்டாவது அவை) தமிழ்நாட்டில் ஏன் இல்லை, எங்கள் தொகுதி எம்எல்ஏ உள்ளே என்ன பேசினார் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றும் கேட்டிருந்தீர்கள்.

சட்டம் போடுவதுதான் சட்டசபையின் முதல் வேலை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நடைமுறையில் அது மூன்றாவது வேலை. ஆட்சியில் யார் உட்காருவது என்று முடிவு செய்வது முதல் வேலை, அந்த ஆட்சி கஜானாவைத் தொட அனுமதி கொடுப்பது இரண்டாவது. இந்த இரண்டிலும் ஆளுநராலோ டெல்லியாலோ பெரிதாகக் குறுக்கே நிற்க முடியாது (மாநில ஆட்சியைக் கலைக்க டெல்லிக்கு வழிவிடும் 356-வது பிரிவை எடுத்தால் ஒழிய, அதற்கு வருகிறேன்). மசோதா விஷயத்தில்தான் நிற்க முடியும், நிற்கிறார்கள். ஆனால் சட்டசபை பலவீனமாகத் தெரிவதற்கு ஆளுநரை விடப் பெரிய காரணம் சட்டசபைக்கு உள்ளேயே இருக்கிறது என்பது என் கருத்து.

அமைப்பை வேகமாகப் பார்த்துவிடலாம். அரசியல் சட்டத்தின் 168-வது பிரிவுப்படி மாநிலச் சட்டமன்றம் என்றால் அவை மட்டும் இல்லை, ஆளுநரும் சேர்ந்தது. ஆளுநர் கையெழுத்து இல்லாமல் மசோதா சட்டம் ஆகாததற்கு அடிப்படை இங்கேதான் இருக்கிறது. பேரவையில் 60-லிருந்து 500 பேர் வரை இருக்கலாம். உத்தரப் பிரதேசத்தில் 403, தமிழ்நாட்டில் 1967-லிருந்து 234, சின்ன மாநிலங்களுக்கு விலக்கு உண்டு என்பதால் சிக்கிமில் 32, கோவாவில் 40. நம் 234-ல் 44 தொகுதி பட்டியல் சாதியினருக்கு, இரண்டு (ஏற்காடு, சேந்தமங்கலம்) பழங்குடியினருக்கு. ஆங்கிலோ இந்தியர் ஒருவரை நியமிக்கும் வழக்கம் முன்பு இருந்தது, 2020-ல் அதை எடுத்துவிட்டார்கள். அமைச்சரவை மொத்த எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2003-ல் வந்த திருத்தம். நமக்கு முதல்வரையும் சேர்த்து 35 பேர். அதற்கு முன்னால் சில மாநிலங்களில் கட்சி மாறி வந்தவர்களை எல்லாம் மந்திரியாக்கி மந்திரிசபை ஊர்வலம் போல நீண்டுகொண்டே போனது, அதனால் வந்த கடிவாளம் அது.

இப்போது அந்த முதல் வேலைக்கு வருவோம். 234-ல் 118 பேர் கையில் இருந்தால் ஆட்சி, இல்லாவிட்டால் இல்லை. இந்த எண்ணிக்கையை எங்கே எண்ணுவது என்பதே பல காலம் சண்டையாக இருந்தது. ராஜ்பவனில் எம்எல்ஏக்களை வரிசையில் நிறுத்தி எண்ணினார்கள், கடிதத்தை வைத்து எண்ணினார்கள், எண்ணாமலேயே கலைத்தார்கள். திமுக ஆட்சி 1976 ஜனவரியிலும் 1991 ஜனவரியிலும் 356-ஐ வைத்துக் கலைக்கப்பட்டது, இரண்டு முறையும் அவையில் பெரும்பான்மை இருந்தபோதே. கர்நாடகத்தில் எஸ்.ஆர். பொம்மை ஆட்சியைக் கலைத்த வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னதுதான் நிலைமையை மாற்றியது: பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பதை அவைக்குள்தான் பார்க்க வேண்டும், ஆளுநர் மனதுக்குள் இல்லை. அதற்கப்புறம் 356 முழுக்கப் போய்விடவில்லை, ஆனால் இஷ்டத்துக்குத் தூக்கிப்போட முடியாத ஆயுதமாகிவிட்டது.

அவைக்குள் எண்ணினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதற்கும் நமக்கு ஒரு உதாரணம் இருக்கிறது. 2017 பிப்ரவரி 18, சனிக்கிழமை. அதிமுக இரண்டு அணியாகப் பிரிந்திருந்த நேரம், முதல்வர் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கு கேட்கிறார். கூவத்தூர் விடுதியில் நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டிருந்த எம்எல்ஏக்கள் நேராகக் கோட்டைக்கு வருகிறார்கள். ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று திமுகவும் ஓபிஎஸ் (ஓ. பன்னீர்செல்வம்) அணியும் கேட்க, சபாநாயகர் தனபால் மறுக்க, மைக் பிடுங்கல், நாற்காலி, கிழிந்த சட்டை என்று போய், திமுக உறுப்பினர்களை அவைக்காவலர்கள் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியே கொண்டுபோன பிறகு, மிச்சம் இருந்தவர்களை பிளாக் பிளாக்காக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்க்கட்சி வெளியே இருக்கும்போது எடுத்த எண்ணிக்கை என்றாலும் சட்டப்படி எண்ணிக்கைதான்.

கதை அதோடு முடியவில்லை. அந்த 11 பேரும் அதிமுக எம்எல்ஏக்கள், சொந்தக் கட்சியின் ஆட்சிக்கு எதிராக அவையிலேயே வாக்களித்தவர்கள். சில மாதத்தில் இரண்டு அணியும் சேர்ந்துவிட்டது, ஓ. பன்னீர்செல்வம் ஆகஸ்டில் துணை முதல்வர் ஆனார், அந்த 11 பேரின் பதவியும் போகவில்லை. அதே ஆகஸ்டில் அதிமுகவில் டி.டி.வி. தினகரன் ஆதரவு எம்எல்ஏக்கள் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவைக்குள் எதிர்த்து வாக்களிக்கவில்லை, வெறும் கடிதம். அவர்களில் 18 பேரைச் சபாநாயகர் செப்டம்பர் 18-ல் தகுதிநீக்கம் செய்தார். உயர்நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு கொடுக்க, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கம் செல்லும் என்றார். எதிர்த்து வாக்களித்தவர் துணை முதல்வர், கடிதம் கொடுத்தவர் வீட்டில். கட்சித்தாவல் தடைச் சட்டம் என்ன லட்சணத்தில் வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

1985-ல் வந்த அந்தச் சட்டம் (அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை) நல்ல நோக்கத்தில் வந்ததுதான். காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று ஆள் மாறிக்கொண்டிருந்த காலத்துக்கு மருந்து தேவைப்பட்டது. ஆனால் மருந்தைக் கொடுக்கும் பொறுப்பைச் சபாநாயகரிடம் விட்டார்கள், அவரோ ஆளும் கட்சியால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். காலக்கெடுவும் எழுதவில்லை. மணிப்பூர் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் மூன்று மாதத்துக்குள் முடிவெடுப்பதுதான் முறை என்று சொன்னது, இருந்தாலும் இழுத்தடிப்பது நிற்கவில்லை. இன்னொரு பக்கம், இந்தச் சட்டம் ஆட்சி கவிழ்க்கும் வாக்குக்கு மட்டும் இல்லை, இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் கொறடா உத்தரவு போட்ட எந்த வாக்குக்கும் பொருந்தும். ஒரு நூலக மசோதாவை எதிர்த்துக் கை தூக்கினாலும் பதவி போகலாம். அதனால் ஆளும் கட்சி எம்எல்ஏ ஒருவர் தன் அரசின் மசோதாவை எதிர்த்து வாக்களித்தார் என்ற செய்தியை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். வாக்கெடுப்பு நடக்கும் முன்பே முடிவு தெரியும் என்றால் விவாதத்துக்கு என்ன மரியாதை இருக்கும்?

மசோதா எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். எம்எல்ஏ யாரும் எழுதுவதில்லை (தனிநபர் மசோதா என்று ஒன்று விதியில் இருக்கிறது, அவ்வளவுதான்). துறைச் செயலாளர் அலுவலகத்தில் கோப்பு தொடங்கும், சட்டத் துறை வாசகத்தைச் சரிபார்க்கும், அமைச்சரவை ஒப்புக்கொள்ளும், அப்புறம் அமைச்சர் அவையில் 'சட்டமுன்வடிவை அறிமுகம் செய்ய அனுமதி கோருகிறேன்' என்று எழுந்து நிற்பார். ஆய்வுக்கு எடுக்க வேண்டும் என்று அடுத்த தீர்மானம், பிறகு பிரிவு பிரிவாகக் குரல் வாக்கெடுப்பு, கடைசியில் நிறைவேற்றம். கூட்டத்தொடரின் கடைசி நாளில் பத்துப் பதினைந்து மசோதாவை ஒரே மூச்சில் இப்படி முடிப்பார்கள். ஆம் என்ற சத்தம், ஏற்கப்பட்டது, அடுத்தது.

2023 ஏப்ரல் 21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளும் திமுகவின் சொந்தக் கூட்டணிக் கட்சிகளான இடதுசாரிகள், விசிக, காங்கிரஸ் எல்லாம் எதிர்த்து வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைப்பு, மே 1-ம் தேதி முதல்வரே வாபஸ் என்று அறிவித்தார். அவைக்குள் மசோதா தோற்கவே இல்லை, வெளியேதான் தோற்றது. இதில் எனக்கு உறுத்துவது என்னவென்றால், லட்சக்கணக்கான தொழிலாளர்களின் வேலை நேரத்தைத் தொடும் ஒரு மசோதா ஒரு குழுவுக்குப் போயிருந்தால், சங்கத்துக்காரர்களையும் முதலாளிகளையும் கூப்பிட்டு நாலு வாரம் விசாரித்திருந்தால், அந்த மூன்று நாள் கூத்து நடந்திருக்காது. கேரளத்தில் 1980-லிருந்து துறைவாரியான குழுக்கள் இருக்கின்றன, இப்போது 14. மசோதாக்களும் மானியக் கோரிக்கைகளும் (துறைகள் பட்ஜெட்டில் தமக்குப் பணம் கேட்பது) அங்கே போய்விட்டு வரும். நாடாளுமன்றத்திலும் 1993-லிருந்து துறைவாரி நிலைக்குழுக்கள் உண்டு. தமிழ்நாட்டில் மசோதாவைக் குழுவுக்கு அனுப்புவது அபூர்வம். தெரிவுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சி கேட்கும், ஆளும் கட்சி மறுக்கும், எந்தக் கழகம் ஆண்டாலும் வசனம் அதேதான்.

இரண்டாவது வேலை, பணம். மாநில பட்ஜெட் மூன்று லட்சம் கோடி ரூபாய்க்கும் மேலே. அதில் ஒரு ரூபாயைக்கூட அவையின் அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது. நிதியமைச்சர் வாசிக்கும் நாளை மட்டும்தான் டிவியில் பார்க்கிறோம். உண்மையான விஷயம் அதற்குப் பிறகு வாரக்கணக்கில் நடக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய தொகையைக் கேட்கும், கூடவே 'கொள்கை விளக்கக் குறிப்பு' என்று ஒரு புத்தகம் கொடுக்கும், எதிர்க்கட்சிகள் அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுக்கும், கடைசியில் அமைச்சர் பதில் சொல்லிப் புதிய அறிவிப்புகளை வாசிப்பார். உங்கள் ஊர் மேம்பாலம், புது கலைக் கல்லூரி, பேரூராட்சி தரம் உயர்த்துதல் எல்லாம் இந்த நாட்களில்தான் வெளியே வரும். வெட்டுத் தீர்மானம் ஒன்று ஜெயித்துவிட்டால் அரசு மானம் போய் ராஜினாமா செய்ய வேண்டிவரும் என்பது மரபு. அது நடக்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் ஒரு எம்எல்ஏ எழுந்து தன் தொகுதியில் கால்நடை மருத்துவர் பணியிடம் காலியாக இருப்பதைச் சொல்ல அதுதான் வழி. செலவழித்த பிறகு கணக்கு பார்ப்பது பொதுக் கணக்குக் குழுவின் வேலை, தணிக்கைத் துறை அறிக்கையை அதுதான் அலசும். பிரதான எதிர்க்கட்சிக்காரர் அதற்குத் தலைவராக இருப்பது நாடாளுமன்ற மரபு. 2021-ல் அமைந்த நம் பேரவையில் அந்த இடம் ஆளும் கூட்டணியிலேயே இருந்த காங்கிரஸ் உறுப்பினருக்குப் போனது. கேள்வி கேட்க வேண்டிய நாற்காலியில் கூட்டணிக்காரர்.

பேரவை விதிகளில் 110-வது விதி பற்றியும் ஒரு வார்த்தை. முதல்வரோ அமைச்சரோ பொது முக்கியத்துவம் உள்ள ஒரு விஷயத்தில் அறிக்கை வாசிக்கலாம், அதன் மீது விவாதம் கிடையாது. எப்போதாவது பயன்படுத்த வைத்திருந்த விதி ஜெயலலிதா காலத்தில் அன்றாட வழக்கமானது, கோடிக்கணக்கில் திட்டங்கள் 110-ல் வரும், மேசை தட்டுவார்கள், கேள்வி கேட்க முடியாது. அவருக்குப் பின் வந்தவர்களும் அந்த வசதியை விட்டுவிடவில்லை.

சரி, ஆளுநரும் டெல்லியும்.

அதிகாரப் பங்கீடு மூன்று பட்டியலில் இருக்கிறது. காவல், நிலம், விவசாயம், மது, உள்ளாட்சி, மருத்துவமனை மாநிலப் பட்டியல். ராணுவம், ரயில், வருமான வரி ஒன்றியப் பட்டியல். இரண்டு பேரும் சட்டம் போடக்கூடியது பொதுப்பட்டியல். தொடங்கும்போது ஒன்றியத்துக்கு 97, மாநிலத்துக்கு 66, பொதுவில் 47 என்று இருந்த எண்ணிக்கையில் 1976-ல், நெருக்கடி நிலையின்போது வந்த 42-வது திருத்தம் கல்வி, காடு போன்ற ஐந்து விஷயங்களை மாநிலத்திடமிருந்து எடுத்துப் பொதுப்பட்டியலில் போட்டது. அது இன்றுவரை திரும்பவில்லை. பொதுப்பட்டியலில் மாநிலச் சட்டமும் ஒன்றியச் சட்டமும் மோதினால் ஒன்றியத்துடையதே செல்லும், 254-வது பிரிவு. ஆனால் அதே பிரிவில் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள்: மாநில மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்துவிட்டால் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் செல்லும்.

இந்த வாசல் எப்படித் திறக்கும், எப்படி மூடும் என்பதற்கு இரண்டுமே நம்மிடம் இருக்கின்றன. ஜல்லிக்கட்டு. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியது. மிருகவதைத் தடுப்பு பொதுப்பட்டியலில் இருக்கிறது, ஒன்றியத்தின் 1960 சட்டமும் இருக்கிறது, ஆக மாநிலம் தனியாக எதுவும் செய்ய முடியாது. டெல்லி ஒப்புதலோடு ஜனவரி 21-ல் அவசரச் சட்டம், 23-ம் தேதி பேரவை கூடி அன்றைக்கே ஒருமனதாக மசோதா, சில நாளில் குடியரசுத் தலைவர் ஒப்புதல். 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அது செல்லும் என்றது. இப்போது நீட். 2017-ல் அதிமுக ஆட்சியில் விலக்கு மசோதாக்கள் ஒருமனதாக நிறைவேறின, ஒப்புதல் கிடைக்கவில்லை. 2021 செப்டம்பரில் திமுக ஆட்சியில் மறுபடியும் மசோதா, 2022 பிப்ரவரியில் ஆளுநர் திருப்பி அனுப்பினார், சில நாளிலேயே சிறப்புக் கூட்டம் போட்டு மீண்டும் நிறைவேற்றி அனுப்பினார்கள், குடியரசுத் தலைவர் ஒப்புதல் தர மறுத்துவிட்டார் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் பேரவையில் அறிவித்தார். இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான், அவையில் இருந்த ஒற்றுமையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றுக்கு டெல்லி சரி என்றது, இன்னொன்றுக்கு இல்லை என்றது. குடியரசுத் தலைவர் என்றால் நடைமுறையில் ஒன்றிய அமைச்சரவை, அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆளுநர் விவகாரம் இதற்கு முந்தைய கட்டம். 200-வது பிரிவுப்படி அவர் கையெழுத்துப் போடலாம், திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். திருப்பி அனுப்பிய மசோதாவை அவை மறுபடி நிறைவேற்றினால் மறுக்க முடியாது. எத்தனை நாளுக்குள் என்று மட்டும் எழுதவில்லை, கூடிய விரைவில் என்ற பாணியில் விட்டுவிட்டார்கள். அந்த ஓட்டையில்தான் நாலைந்து வருடச் சண்டையும் நடந்தது. அப்போது ஆளுநராக இருந்த ஆர்.என். ரவி 2023 நவம்பர் 13-ல் பத்து மசோதாக்களை நிறுத்திவைப்பதாகச் சொல்லித் திருப்பினார், பெரும்பாலும் துணைவேந்தர் நியமனம் தொடர்பான பல்கலைக்கழக மசோதாக்கள். 18-ம் தேதி சிறப்புக் கூட்டத்தில் பத்தையும் மறுபடி நிறைவேற்றினார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் அத்தனையையும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். மாநில அரசு போட்ட வழக்கில் 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு, பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றும், ஆளுநருக்குக் காலக்கெடு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. இங்கே பட்டாசு வெடித்தார்கள். குடியரசுத் தலைவர் இதைப் பற்றி உச்ச நீதிமன்றத்திடமே விளக்கம் கேட்க, நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு வேறு மாதிரி கருத்துச் சொன்னது: நீதிமன்றம் காலக்கெடு வைக்க முடியாது, 'கருதப்படும் ஒப்புதல்' என்று ஒன்று கிடையாது, ஆனால் ஆளுநர் காரணமே சொல்லாமல் காலவரையின்றி வைத்துக்கொள்ளவும் கூடாது, அப்படி வைத்திருந்தால் ஏதாவது ஒரு முடிவெடுங்கள் என்று நீதிமன்றம் சொல்லலாம். மாநிலத்துக்குப் பாதி, ஆளுநருக்குப் பாதி என்று பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஆளுநர் பக்கமே சாய்ந்ததாகத் தெரிகிறது, ஏனென்றால் இரண்டு வருடம் கழித்து 'முடிவெடுங்கள்' என்ற உத்தரவு வாங்கும்போது மசோதாவின் பயனே போயிருக்கலாம்.

ஆளுநர் உரையில் நடந்ததெல்லாம் (2023 ஜனவரியில் சில பகுதிகளை விட்டுவிட்டு வாசித்தது, அச்சிட்ட உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏறும் என்று முதல்வர் தீர்மானம் கொண்டுவந்தது, ஆளுநர் எழுந்து போனது) பார்க்கச் சூடாக இருந்தது, அதிகாரக் கணக்கில் அதற்குப் பெரிய எடை இல்லை. அது அரசு எழுதித் தரும் உரை, அவ்வளவுதான்.

டெல்லியின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். மூன்றாவது பிரிவு. ஒரு மாநிலத்தைப் பிரிக்க, சேர்க்க, எல்லையை மாற்ற நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். மாநில அவையின் கருத்தைக் கேட்க வேண்டும், ஏற்க வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் ஆந்திரப் பேரவை பிரிவினை மசோதாவை நிராகரித்தது, அடுத்த மாதமே நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது, ஜூன் 2-ல் தெலங்கானா பிறந்தது. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் நிலத்தைப் பிரித்துப் புது மாநிலம் ஆக்க அந்த மாநிலச் சட்டமன்றமே சம்மதிக்க வேண்டும். இங்கே மாநிலம் இருப்பதே நாடாளுமன்றத்தின் கையில். புதுச்சேரி மாதிரி யூனியன் பிரதேசம் என்றால் இன்னும் மோசம். 30 பேரை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள், மூன்று பேரை ஒன்றிய அரசு நியமிக்கும், அந்த மூன்று பேருக்கும் வாக்குரிமை உண்டு. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி ஆட்சி எண்ணிக்கையில் தோற்றபோது எதிரணியில் அந்த மூன்று நியமன உறுப்பினர்களும் இருந்தார்கள்.

மேலவைக்கு வருகிறேன். இப்போது ஆறு மாநிலங்களில் இருக்கிறது: உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சிப் பிரதிநிதிகளும், மூன்றில் ஒரு பங்கை எம்எல்ஏக்களும், பன்னிரண்டில் ஒரு பங்கை பட்டதாரிகளும், இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்களும் தேர்ந்தெடுப்பார்கள், மிச்சம் ஆளுநர் நியமனம். அதிகாரம் கொஞ்சம்தான், மசோதாவை இரண்டு சுற்றாக மொத்தம் நாலு மாதம் தள்ளிப்போடலாம், பண மசோதாவை 14 நாள். நம்மிடமும் இருந்தது. 1952-ல் ராஜாஜி தேர்தலில் நிற்காமலேயே மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வர் ஆனார், 1967-ல் அண்ணா எம்பியாக ஜெயித்துவிட்டு மேலவை வழியாக முதல்வராகத் தொடர்ந்தார். 1986 நவம்பர் 1-ல் அது ஒழிந்தது. எம்ஜிஆர் அனுப்ப நினைத்த ஒரு நடிகை நொடிப்பு நிலை அறிவிக்கப்பட்டவர் என்று எழுந்த சர்ச்சைதான் காரணம் என்று எல்லோரும் சொல்லும் கதை. அது தீப்பொறியாக இருந்திருக்கலாம். அந்த ஆண்டு பிப்ரவரி உள்ளாட்சித் தேர்தலில் திமுக அள்ளியிருந்தது என்பதையும், மேலவையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளாட்சி வழியாக வரும் என்பதையும், கருணாநிதி அப்போது மேலவை உறுப்பினர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2010-ல் திமுக மீண்டும் கொண்டுவர நாடாளுமன்றம் வரை போய்ச் சட்டமே ஆனது, 2011-ல் ஆட்சி மாறியதும் நின்றுபோனது. ஆந்திராவில் அப்போது முதல்வராக இருந்த ஜெகன், மாநிலத்துக்கு மூன்று தலைநகர் வைக்கும் மசோதாவை மேலவை மடக்கியதும் 2020 ஜனவரியில் மேலவையையே ஒழிக்கத் தீர்மானம் போட்டார். அங்கே தன் பலம் கூடியதும் 2021 நவம்பரில் அந்தத் தீர்மானத்தையே வாபஸ் வாங்கினார். மேலவை வேண்டுமா என்ற கேள்விக்கு எல்லாக் கட்சிகளின் பதிலும் அங்கே யாருக்குப் பெரும்பான்மை என்பதைப் பொறுத்ததுதான். நமக்கு அது இல்லாதது பெரிய நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. துறைவாரிக் குழு இல்லாததுதான் நஷ்டம்.

எம்எல்ஏவுக்கு இன்னும் இரண்டு வாக்குகள் இருக்கின்றன. மாநிலங்களவைக்கு நம் 18 எம்பிக்களைத் தேர்ந்தெடுப்பது அவர்கள்தான். குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒரு தமிழ்நாட்டு எம்எல்ஏவின் வாக்கு மதிப்பு 176, உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7, எல்லாம் 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்து.

கடைசிக் கேள்வி, எம்எல்ஏ என்ன பேசினார் என்று பார்ப்பது. தொகுதி மேம்பாட்டு நிதி மூன்று கோடியில் எங்கே நிழற்குடை கட்டினார் என்பது பேனரிலேயே தெரிந்துவிடும், அவையில் பேசியதைத்தான் தேட வேண்டும். கேள்வி நேரம் 2022 ஜனவரியிலிருந்து நேரலையில் வருகிறது, யூடியூபில் பழையதும் கிடைக்கும். பேரவை இணையதளத்தில் அவை நடவடிக்கைக் குறிப்புகள் தேதிவாரியாக இருக்கின்றன, உங்கள் தொகுதிக்காரர் பெயரை வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கும், தேடல் வசதி அவ்வளவு நன்றாக இல்லை. துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகள் அரசு தளத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். அதில் உங்கள் ஊர் சம்பந்தப்பட்ட துறை ஒன்றை எடுத்து, போன வருட அறிவிப்பு இந்த வருடம் என்ன நிலையில் இருக்கிறது என்ற பக்கத்தை மட்டும் பாருங்கள். அதில் 'பணிகள் நடைபெற்று வருகின்றன' என்று மூன்று வருடமாக ஒரே வரி இருந்தால், எம்எல்ஏ அலுவலகத்துக்கு அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய், இதை மானியக் கோரிக்கையில் கேளுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். எதிர்க்கட்சி எம்எல்ஏ என்றால் சந்தோஷமாகவே வாங்கிக்கொள்வார்.